விறகுத் தொட்டி முதல் எரிபொருள் கிடங்கு வரை

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார இரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கக் கூடும். கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் ஆகிய நிலையங்களைக் கடந்தால் மறைமலை நகர் வருகிறது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையான மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய இவ்வூர், சென்னையின் நெருக்கடியைக் குறைப்பதற்கென அமைக்கப்பட்ட துணை நகரம். அடுத்த நிலையமாகிய சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் சாலை பிரிகிறது. இந்தச் சாலையின் இரு மருங்கிலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று எத்தனை வகைத் தொழிற்சாலைகள்!

இத்தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பமும் தேவை என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. காரின் உடலுக்கு அடித்த வண்ணம் உலர்ந்து இறுக வேண்டுமானால், ஏறத்தாழ 140 முதல் 180 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள அறைக்குள் அது செல்ல வேண்டும். இரப்பர் டயராக இறுக வேண்டுமானால் நீராவி வேண்டும். எண்ணெயையும் வாயுவையும் எரித்து இந்த வெப்பத்தைப் பெறுவது எளிது. ஆனால் அவை மண்ணிலிருந்து ஒரு முறை எடுத்தால் தீர்ந்து போகிறவை. காற்றில் கரியமிலவாயுவைக் கூட்டுகிறவை. எனவே உமி, வேர்க்கடலைத் தோல், மரத்தூள், மரச் சில்லு ஆகிய, ஆண்டுதோறும் மீண்டும் விளையும் எரிபொருள்களின் பக்கம் ஆலைகள் திரும்பி வருகின்றன. தோலையும் தூளையும் இயந்திரத்தில் அழுத்தி உருளைக் கட்டிகளாக்கி விற்கிறார்கள். ‘பிரிக்கெட்’ என்று லாரிக்காரர்களுக்கும் பழகிவிட்ட சொல் அது.

வரவேற்க வேண்டிய மாற்றந்தான். ஆனால் ஒரு கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. இவற்றை எரிப்பது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைத்திருப்பது எப்படி என்று கேட்பவர் குறைவு. விளைபொருளை எரிபொருளாக நம்பிய ஒவ்வொரு தலைமுறையும் தடுக்கி விழுந்த இடம் கொதிகலன் அல்ல, கிடங்கு. அந்த வரலாற்றைத்தான் இங்கே உங்களோடு பார்க்கப் போகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 10 டன் நீராவி தரும் நடுத்தரக் கொதிகலன் ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஒரு கிலோ நீரை நீராவியாக்க, வெந்நீராகவே அது உள்ளே வருகிறதென்று கொண்டாலும், சுமார் 600 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஆக மணிக்கு 60 இலட்சம் கிலோகலோரி. கொதிகலன் தனக்குத் தரப்படும் வெப்பத்தில் நான்கில் மூன்று பங்கையே நீருக்குக் கொடுக்கிறது என்று வைத்தால், எரிபொருளிலிருந்து வர வேண்டியது 80 இலட்சம். பிரிக்கெட்டின் வெப்பமதிப்பு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்று கொண்டால், மணிக்கு 2 டன். நாளொன்றுக்கு 48 டன். மாதத்திற்கு 1,440 டன்! ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் 600 கிலோ பிரிக்கெட்டை அடுக்கலாம். எனவே ஒரு மாத இருப்புக்கு 2,400 கன மீட்டர் கொட்டகை வேண்டும்.

இனி, அழுத்தாத வெறும் உமியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் வெப்பமதிப்பு சுமார் 3,000 கிலோகலோரி. மாதத்திற்கு 1,920 டன் ஆகிறது. ஆனால் ஒரு கன மீட்டரில் 110 கிலோ உமிதான் கொள்ளும். இடமோ 17,000 கன மீட்டருக்கு மேல் வேண்டும்! ஐந்து மீட்டர் உயரத்திற்குக் குவித்தாலும் முக்கால் ஏக்கருக்கு மேல் கூரை போட வேண்டும். இதே வேலைக்கு உலை எண்ணெய் என்றால், பத்து மீட்டர் குறுக்களவும் ஏழு மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஒரு தொட்டி போதும். வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் மாணவர்கள் ஒரு முறை மலைப்பார்கள். எண்ணெய் உலகத்தை வென்றதற்கு அதன் வெப்பம் மட்டும் காரணமன்று. அதை வைக்க வேண்டிய இடம் சிறிது என்பதும் காரணம்.

மறைமலை நகர் வழியே செல்லும் அந்த இருப்புப்பாதையிலிருந்தே நம் வரலாற்றைத் தொடங்கலாம். சென்னை இராஜதானியின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சென்னையிலிருந்து தெற்கே செங்கற்பட்டு வழியாக மீட்டர் பாதை வந்தது 1870களில். அந்நாளில் தென்னாட்டில் நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கரி விலை மிகுந்தது. எனவே எஞ்சின்கள் விறகை எரித்தன. ஆம், நம் முன்னோர் பயணம் செய்த புகைவண்டி பெரும்பாலும் விறகு வண்டிதான்!

விறகு எஞ்சினுக்கு என்னென்ன வேண்டும்? ஒரு கன மீட்டரில் அடுக்கிய விறகு ஏறத்தாழ 450 கிலோ. நிலக்கரியானால் 850 கிலோ. விறகின் வெப்பமதிப்பு கிலோவுக்கு 3,500 என்றும், நல்ல கரியின் மதிப்பு 6,000 என்றும் கொண்டு பெருக்கிப் பாருங்கள். கரி வைத்த அதே இடத்தில் விறகு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வெப்பமே கிடைக்கும். ஆகவே விறகு எஞ்சின் அடிக்கடி நின்று நிரப்பிக் கொள்ள வேண்டும். பாதை நெடுக விறகுக் கிடங்குகள் எழுந்தன. ஒப்பந்தக்காரர்கள் அருகிலுள்ள காட்டை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அருகிலிருந்த காடு தீர்ந்ததும் அதற்கடுத்த காடு. பாதை மரத்தை விழுங்கிக்கொண்டே நீண்டது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அன்று வெட்டிய மரத்தை அன்றே எரிக்க முடியாது. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர்! அந்தத் தண்ணீர் ஆவியாகப் போனால்தான் மரம் எரியும். அதை ஆவியாக்கும் செலவையும் அந்த மரமே தர வேண்டும். முற்றும் உலர்ந்த ஒரு கிலோ மரம் 4,500 கிலோகலோரி தரும் என்போம். பத்தில் ஒரு பங்கு ஈரமுள்ள விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 மிஞ்சுகிறது. பாதிக்குப் பாதி ஈரமுள்ளதில் மிஞ்சுவது 2,000-க்கும் குறைவு. ஒரே எடை, ஒரே விலை, பாதி வெப்பம். ஆகவே விறகை மாதக்கணக்கில் அடுக்கி வைத்துக் காய விட வேண்டும். அதற்கு இடம் வேண்டும். முன்கூட்டியே வாங்கிப் போட முதல் வேண்டும். மழையிலிருந்தும் தீப்பொறியிலிருந்தும் காக்க ஆள் வேண்டும்.

(நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். புதிதாக வெட்டிய முருங்கைக் கிளை ஒன்றையும் வேப்பங்கிளை ஒன்றையும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக் குறித்துக் கொள்ளுங்கள். மொட்டை மாடியில் ஒரு மாதம் வெயிலில் போட்டு மறுபடி நிறுங்கள். குறைந்த எடை முழுதும் தண்ணீர். எந்தக் கிளை அதிகம் இழந்தது என்று பார்த்தால், முருங்கையை ஏன் யாரும் அடுப்புக்கு விரும்புவதில்லை என்பதும் விளங்கும்.)

சென்னை இராஜதானியில் வனத்துறை உருவானதும் 1856இல்தான். அதன் முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெகார்ன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். இருப்புப்பாதையும் வனத்துறையும் ஒரே ஆண்டில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது. ஒன்று வெட்டியது, மற்றொன்று எண்ணிக்கொண்டிருந்தது. இயற்கைக் காடு போதாது என்று தெரிந்ததும், எரிபொருளுக்கென்றே தோப்பு வளர்க்கும் யோசனை வந்தது. நீலகிரியில் உதகமண்டலத்தின் குளிருக்கு விறகு வேண்டி, 1843 முதலே ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் நடப்பட்டு வந்தது. சமவெளியில் வந்தது சவுக்கு.

நெய்தல் நிலத்துக்கே உரிய மரம் என்று நம்மில் பலர் நினைக்கும் சவுக்கு, உண்மையில் நம் கரைக்கு வந்தேறி. தென்கிழக்காசிய, ஆஸ்திரேலியக் கடற்கரைகளின் மரம் அது. 1860களில் செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரை மணலில் இரயில் எஞ்சின்களின் விறகுக்காகத் தோப்புத் தோப்பாக நட்டார்கள். வேறு எதுவும் விளையாத மணலில் அது வளர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் எரு கேட்கவில்லை. நேராக வளர்ந்ததால் நெருக்கமாக அடுக்க முடிந்தது. கட்டை கனமானது, ஆகவே அதே கிடங்கில் அதிக வெப்பத்தைச் சேமிக்க முடிந்தது. ஓரளவு ஈரத்தோடும் எரிந்தது. காட்டதிகாரிகள் தேர்ந்தெடுத்தது ஒரு மரத்தை மட்டுமல்ல. கிடங்குப் பிரச்சினைக்கு ஒரு விடையை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சென்னை நகரத்தின் அடுப்புகளும் அதே மரத்தை நம்பின. பக்கிங்ஹாம் கால்வாயில் விறகுப் படகுகள் வந்து அடைந்தன. இன்று விண்கலங்கள் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா, 1969இல் அப்பணிக்கென்று தேர்ந்தெடுக்கப்படும் முன் சவுக்கும் யூகலிப்டசும் நிறைந்த விறகுத் தீவாக இருந்தது. நகரில் தெருவுக்குத் தெரு ‘விறகுத் தொட்டி’ இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் தொட்டியில் விறகு விலை ஏறும். அந்த விலையேற்றம், காய்ந்த விறகை வைத்திருந்தவனுக்குக் கிடைத்த வாடகை.

மற்றொரு மரமும் இந்த எரிபொருள் பஞ்சத்தால் நம் நாட்டுக்கு வந்தது. வட சரக வனப் பாதுகாவலர் பெடோம் 1876இல் விதை கேட்டு எழுதினார்; 1877இல் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. அதுதான் சீமைக் கருவேலம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ‘ரிசர்வ்’ ஆயின. இரயிலுக்கும் அரசுக்கும் விறகு உறுதியாயிற்று. தலைச்சுமை விறகு எடுத்து வந்த சுற்றுக் கிராமத்து மக்களோ தாங்கள் வழிவழியாகப் புழங்கிய காட்டில் ‘அத்துமீறியவர்’ ஆனார்கள். ஒரு பெரிய அடுப்பு தன் இருப்பை உறுதி செய்து கொண்டபோது ஆயிரம் சிறிய அடுப்புகள் அணைந்த கதை இது. இன்று ஓர் ஆலை தன் கொதிகலனுக்கு மாவட்டத்து உமி முழுவதையும் ஒப்பந்தம் செய்து கொள்ளும்போது, செங்கல் சூளைக்காரரும் நெல் அவிக்கும் ஆலைக்காரரும் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

பின்னர் கோதாவரிப் பக்கம் சிங்கரேணியில் நிலக்கரி தோண்டப்பட்டது; வங்காளக் கரியும் வந்தது. எஞ்சின்கள் மெல்ல மெல்ல விறகை விட்டன. இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போகவே, பின்புறம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு, கரிவாயுவில் பஸ்கள் ஓடின. அது ஒரு தனி வேடிக்கை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்த பிறகு, அதை அழுத்திச் சுட்டுச் செய்த ‘லெக்கோ’ கட்டிகள் ஒரு காலத்தில் சென்னை வீடுகளில் எரிந்தன. பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் தானே பற்றிக் கொள்ளும் குணமுடையது; ஈரமும் பாதி. கட்டியாக்கியதன் நோக்கங்களுள் ஒன்று, அதைப் பத்திரமாக வைத்துக் கொள்ளும்படி செய்வது.

இனிக் கடல் கடந்து சற்றுத் தொலைவு போக வேண்டும். ஏனென்றால் விளைபொருள் எரிபொருளை நகர அளவில் சேமிக்கும் கலை வளர்ந்தது குளிர்நாடுகளில்தான். அங்கே வீட்டுக்கு வீடு அடுப்பு வைப்பதற்குப் பதிலாக, ஊருக்கு ஒரு கொதிகலன் வைத்து, பூமிக்கடியில் குழாய்கள் போட்டு வெந்நீரையோ நீராவியையோ வீடுகளுக்கு அனுப்பும் முறை உண்டு. நம் ஊரில் குடிநீர்க் குழாய் போல அங்கே வெப்பக் குழாய்! அமெரிக்காவில் லாக்போர்ட் என்ற ஊரில் பேர்ட்சில் ஹாலி என்பவர் 1877இல் இதை வாணிக முறையில் தொடங்கினார். 1882இல் நியூயார்க் நகரில் நீராவி விநியோகம் தொடங்கியது. எல்லாம் கரி, பிறகு எண்ணெய்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் சுவீடனும் டென்மார்க்கும் திகைத்தன. காடு நிறைந்த தெற்குச் சுவீடனில் வேக்‌ஷ்யோ என்ற நகரம், 1980இல் தன் எண்ணெய்க் கொதிகலனை மரக்கழிவு எரிக்கும்படி மாற்றியது. ஊர் முழுவதற்கும் மரத்தால் வெப்பம் தருவதில் அந்நாட்டில் அதுவே முதல். மரப்பட்டை, மரத்தூள், சில்லு எல்லாம் லாரி லாரியாக வந்து மலைபோல் குவிந்தன. டென்மார்க்கில் கோதுமை, பார்லி வைக்கோலைப் பெரும் பெரும் கட்டுகளாகக் கட்டிக் கொட்டகைகளில் அடுக்கினார்கள்.

குவியல் மலையானதும் பௌதிகம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. நம் ஊர் விவசாயிகள் நன்றாக அறிந்த செய்திதான். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறும், புகையும், சில வேளைகளில் யாரும் கொளுத்தாமலே பற்றியும் கொள்ளும். ‘எவனோ பொறாமைக்காரன் வைத்த தீ’ என்று வழக்கு வரைக்கும் போன போர்களில் எத்தனை தாமே எரிந்தவையோ!

இது எப்படி நேர்கிறது? ஈரமும் காற்றும் இருந்தால் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வைக்கோலையும் மரத்தையும் தின்னத் தொடங்குகின்றன. தின்பது என்றால் மெல்ல எரிப்பதுதான். வெப்பம் 60, 70 டிகிரிக்கு ஏறியதும் பெரும்பாலான நுண்ணுயிர்கள் செத்துப் போகின்றன. அதோடு முடிந்தால் கவலையில்லை. ஆனால் அந்த வெப்பத்தில் பிராணவாயு நேரடியாகப் பொருளோடு சேரத் தொடங்குகிறது. சேரச் சேர மேலும் சூடு. சூடு ஏற ஏற விரைவான சேர்க்கை. நுண்ணுயிர் தொடங்கி வைத்ததை வேதியியல் முடித்து வைக்கிறது.

சிறிய குவியலில் ஏன் இது நடப்பதில்லை? வெப்பம் உண்டாவது குவியலின் கன அளவு முழுவதிலும். வெளியேறுவது அதன் மேற்பரப்பு வழியாக மட்டும். பக்கம் ஒரு மீட்டர் உள்ள கனசதுரத்திற்குக் கன அளவு 1, மேற்பரப்பு 6. பக்கம் பத்து மீட்டரானால் கன அளவு 1,000, மேற்பரப்போ 600. முன்னதில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஆறு சதுர மீட்டர் வாசல்; பின்னதில் அரை சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவே வேறுபாடு, அந்த வேறுபாடுதான் நெருப்பு. இதனால்தான் அங்கே ஈரச் சில்லுக் குவியலை ஏழெட்டு மீட்டர் உயரத்திற்குள் அடக்கி நீள நீளமாகப் போடுகிறார்கள். புல்டோசர் ஏற்றி இறுக்குவதில்லை. புது ஈரச் சரக்கைப் பழைய உலர்ந்த சரக்கின் மேல் கொட்டுவதில்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் சூடு பெருகும். முதலில் வந்தது முதலில் அடுப்புக்குப் போக வேண்டும். குவியலுக்குள் நீண்ட இரும்புக் கம்பியில் வெப்பமானியைச் செருகி நாள்தோறும் குறித்து வைக்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே விளைபொருளைப் பெரும் அளவில் குவித்து வைக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு 1979இல் நிறுவிய செய்தித்தாள் காகித ஆலை, காவிரிக் கரையில் புகளூரை அடுத்த காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை இது. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத்தான் தங்கள் கொதிகலனில் எரித்து வந்தன. ‘உங்கள் கொதிகலனுக்கு வேறு எரிபொருள் நாங்கள் தருகிறோம், சக்கையை எங்களுக்குக் கொடுங்கள்’ என்பது உடன்பாடு. பண்டமாற்றுதான்! ஆனால் கரும்பு ஆண்டில் சில மாதங்களே அரைபடும். காகிதமோ ஆண்டு முழுதும் ஓட வேண்டும். மற்ற மாதங்களுக்குச் சக்கையைச் சேர்த்து வைத்தாக வேண்டும்.

சக்கையில் மிஞ்சிய சர்க்கரை நுண்ணுயிர்களுக்கு விருந்து. உலர்த்திக் கட்டாகக் கட்டி அடுக்கிய சக்கை பல நாடுகளில் தீப்பற்றியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ரிட்டர் என்பவர் இதற்கு நேர்மாறான வழியைக் கண்டார்: சக்கையை உலர்த்தாதே, ஊற வை! தண்ணீரோடு சேர்த்து மேடையில் கொட்டி, வடியும் நீரைத் திரும்பத் திரும்ப மேலே ஊற்றுவார்கள். அதில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும், மோரைப் புளிக்க வைக்கும் இனத்து நுண்ணுயிர்கள் பெருகி, மற்றவற்றைத் தலையெடுக்க விடாமல் செய்யும். காற்று புகாது, சூடு ஏறாது, நார் கெடாது. காகிதபுரத்திலும் ஈரக் குவியல் முறைதான். பார்க்கப் பழுப்பு மலை. உண்மையில் ஒரு மாபெரும் ஊறுகாய் ஜாடி! காகிதத்துக்கு இது மிக நல்ல வழி; கொதிகலனுக்கு ஆகாது. ஊறியதை எரிக்க முடியுமா? எதற்காகச் சேமிக்கிறோம் என்பதைப் பொறுத்தே எப்படிச் சேமிப்பது என்பது அமைகிறது.

எரிப்பதற்கு நன்றாக உலர்த்தி, பொடித்து, அழுத்தி, விரல் அளவு உருளைகளாக்கிவிட்டால்? ‘பெல்லட்’ எனப்படும் இவற்றில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நுண்ணுயிருக்கு வேலையில்லை, இடமும் மிச்சம். பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணினார்கள். 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கனடாவிலிருந்து பெல்லட் ஏற்றிக்கொண்டு ‘சாகா ஸ்பிரே’ என்ற கப்பல் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்துக்கு வந்தது. சரக்கறையை ஒட்டிய படிக்கட்டுக்குள் இறங்கிய மாலுமி ஒருவர் மாண்டார். துறைமுகத் தொழிலாளி ஒருவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். தீ இல்லை, புகை இல்லை. மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் மெல்ல ஆக்சிகரணமடைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிட்டிருந்தன. மூடிய அறையில் அது தேங்கியிருந்தது. பெல்லட் கிடங்குகளில் இத்தகைய மரணங்கள் பிறகு ஐரோப்பாவில் வேறு இடங்களிலும் நேர்ந்தன.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பாழுங்கிணற்றிலோ தானியக் குழியிலோ இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம்மிடையே பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. நல்ல சோதனைதான், பிராணவாயு குறைந்து கரியமிலவாயு நிறைந்த இடத்தை அது காட்டிக் கொடுக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடை அது காட்டாது! காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இந்த வாயு கலந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். இரத்தத்தின் சிவப்பணுவோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக் கொள்வதால் இந்த நிலை. அவ்வளவு குறைந்த அளவில் விளக்குச் சுடர் அசையாமல் எரிந்து கொண்டிருக்கும். வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. போதாததற்கு, உமித் தூசும் மரத்தூசும் மிதக்கும் கிடங்கில் சுடரை இறக்கினால் கிடங்கே வெடிக்கலாம். பெல்லட் கிடங்குக்குள் செல்ல வேண்டியவர் முதலில் கதவுகளைத் திறந்து காற்றோட விட வேண்டும். வாயுவை அளக்கும் மின்கருவியைக் கையில் வைத்திருக்க வேண்டும். வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பதறிப்போய்ப் பின்னால் இறங்குபவரும் விழுவார் என்பது கிணறுகளில் நாம் பல முறை கண்டது.

சரி, மறைமலை நகருக்குத் திரும்புவோம். குளிர்நாட்டுக்காரருக்கு எரிபொருள் குளிர்காலத்தில்தான் பெரிதும் வேண்டும். கோடையில் சேர்ப்பார், குளிரில் எரிப்பார். நம் ஆலைக்கோ பன்னிரண்டு மாதமும் ஒரே பசி. ஆனால் சரக்கு பருவத்தில் வருகிறது: சம்பா அறுவடைக்குப் பின் உமி பெருகும், கடலை உடைக்கும் காலத்தில் தோல் பெருகும், படாளத்தில் உள்ளது போன்ற சர்க்கரை ஆலைகள் அரைக்கும் மாதங்களில் சக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எல்லாவற்றையும் நனைத்துவிடும். சாலைகளும் அடைபடும், 2015இன் வெள்ளத்தில் தாம்பரத்தைச் சுற்றிய பகுதிகள் எப்படியிருந்தன என்பது நினைவிருக்கும். ஆகவே இங்கே கட்ட வேண்டிய கிடங்கு, ஐரோப்பியக் கிடங்கின் நகலாக இருக்க முடியாது. செப்டம்பர் முடிவதற்குள் குறைந்தது ஒரு மாத இருப்பு உலர்ந்த நிலையில் கூரைக்குள் வந்துவிட வேண்டும். தரை சுற்றுப்புறத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். கூரை தாழ்வாரம் விட்டு இறங்க வேண்டும். காற்று ஊடே போக வேண்டும். சாரல் வரக் கூடாது. பிரிக்கெட் தண்ணீர் பட்டால் ஊதி உதிர்ந்து பழையபடி தூளாகிவிடும். அழுத்தக் கொடுத்த காசு மழையில் கரையும். கிடங்கு ஒரே பெரிய மண்டபமாக இல்லாமல் இடையே சுவர்வைத்த அறைகளாக இருந்தால், ஓர் அறையில் தீ பிடித்தாலும் மற்றவை தப்பும். முதலில் வந்ததை முதலில் எடுப்பதும் எளிது.

ஒவ்வொரு ஆலையும் தனித்தனியே இப்படியொரு கிடங்கு கட்ட இடமும் முதலும் ஏது? குழாய்வழி வெப்பம் நமக்கும் பொருந்துவது இங்கேதான். குஜராத்தில் சூரத்தை அடுத்த சச்சின் தொழிற்பேட்டையில் 2010களில் ஒரு தனியார் நிறுவனம் பொதுக் கொதிகலன் அமைத்துக் குழாய்வழியே பல ஆலைகளுக்கு நீராவி விற்கத் தொடங்கியது. எரிபொருள் பெரும்பாலும் நிலக்கரி. ஆனால் முறை கவனிக்கத் தக்கது. பத்து ஆலைக்குப் பத்துக் கிடங்குக்குப் பதிலாக, நன்கு கட்டிய ஒரே கிடங்கு, பயிற்சி பெற்ற ஒரே பணியாளர் குழு. வெப்பமானியைச் செருகிக் குறித்து வைப்பதற்கென்றே ஓர் ஆளை நியமிக்க அப்போது கட்டுப்படியாகும். ஆனால் ஒரே கிடங்கு என்றால் நெருப்பு பிடித்தாலும் பத்து ஆலையும் நிற்கும்; அறைச் சுவர்களின் அவசியம் அதனால் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

கமலாபுரத்துச் சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? விறகுக்காக வந்த அந்த மரம், கேட்பாரின்றிக் கண்மாய்களிலும் ஏரிகளிலும் பரவிவிட்டது. அதை அகற்ற நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன. அகற்றுவதற்கென்று மாநில அரசு 2022இல் ஒரு கொள்கையே வகுத்தது. வெட்டிய மரத்தை இயந்திரத்தில் போட்டுச் சில்லாக்கி ஆலைக் கொதிகலன்களுக்கு அனுப்பலாம். கனமான கட்டை, நல்ல வெப்பம், கிலோவுக்குக் கிலோ சவுக்கோடு போட்டி போடும். நூற்றைம்பது ஆண்டு கழித்து மரம் வந்த வேலையைச் செய்யப் போகிறது என்று மகிழலாம். ஆனால் ஏரியிலிருந்து வெட்டிய கையோடு சில்லாக்கினால், அதன் எடையில் பெரும்பங்கு இன்னும் தண்ணீர்தான். அதை லாரியிலிருந்து இறக்கி, கொதிகலன் முற்றத்தில் ஒரே மலையாகக் குவித்துவிட்டு மூன்றாம் நாள் அருகே போய்ப் பாருங்கள். விடியற்காலையில் குவியலின் உச்சியிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பிக் கொண்டிருக்கும். கையை முழங்கை வரை உள்ளே விட்டால் சூடு தெரியும்.